பதினேழு வருடப் பட்டாளத்துக்கு ஒரு லேமினேஷன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேமினேஷன் போட்டது நான்தான். ஆனால் நானாகப் போடவில்லை. அவரே வந்து கேட்டார், போட்டேன். கடைக்கு வந்து ஒருவர் தாளை நீட்டி "இதுக்கு லேமினேஷன் போடு" என்றால், ஏன் எதற்கு என்று விசாரித்துக்கொண்டிருக்க நான் என்ன நீதிபதியா? ஜெராக்ஸ் கடைக்காரன். இதை இதுவரை ஐம்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன். ஒருவரும் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

கேட்டவர் என் அக்கா வீட்டுக்காரர். தெருவுக்கு அவர் பட்டாளத்தார், எனக்கு மாமா. பீரங்கிப் படையில் பதினேழு வருடம் இருந்தவர். பீரங்கி அவருக்குக் கொஞ்சம் ஓய்வூதியத்தைக் கொடுத்துவிட்டுக் காதை எடுத்துக்கொண்டது. இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காது பாதி வேலை செய்யும், அதுவும் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தால்தான். "மாமா, பாத்ரூம் குழாய் ஒழுகுது" என்றால் கேட்காது. சமையலறையில் அக்கா தட்டு எடுத்து வைக்கும் சத்தம் மட்டும் எப்படியோ கேட்டுவிடும்.

வெளியே எங்கே போனாலும் அக்கா கூடவே போவாள். எதிராளி பேசுவதைக் கேட்டு, இவருடைய வலது காதருகே வாயை வைத்து, சுருக்கிச் சொல்வாள். டாக்டர் பத்து நிமிடம் பேசினால் அக்கா, "உப்பைக் குறைக்கணுமாம்" என்பாள். முப்பது வருடமாக உலகம் அவருக்கு அக்காவின் வாய் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதனாலோ என்னவோ, உலகத்தைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

பட்டாளம் அவரிடம் விட்டுவைத்த இன்னொரு வியாதி, மூன்று பிரதி. எதை எழுதினாலும் நடுவில் கார்பன் தாள் வைத்து மூன்று. மளிகைச் சீட்டுக்குக்கூட மூன்று: கடைக்காரருக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று. வருடத்துக்கு ஒரு தடவை, தான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஓய்வூதிய அலுவலகத்தில் நேரில் போய் நின்று சொல்ல வேண்டும். எதிரே மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும் மனிதரைப் பார்த்து, "உயிரோட இருக்கறதுக்கு என்ன ப்ரூஃப்?" என்று கேட்பார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கும். மாமா அமைதியாக மூன்று பிரதிகளை நீட்டுவார்.

இந்தப் பிரதிகள் எல்லாம் குடியிருப்பது ஒரு கறுப்புத் தகரப் பெட்டியில். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவருடைய படை எண். இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், ஒரு சாவி அக்காவிடம். உள்ளே என்ன புதையல் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். போர்வை வாங்கியதற்கு ரசீது, பூட்ஸைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது, அப்புறம் ஒரு கரண்டி தொலைந்துபோனதற்கான விசாரணை அறிக்கை. ஒரே ஒரு சாப்பாட்டுக் கரண்டி. அதைத் தொலைத்ததற்கு அவரை நிற்க வைத்து விசாரித்து, அபராதம் பிடித்து, அறிக்கை எழுதி, அதில் அவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள்.

"ஒரு கரண்டிக்கா மாமா இவ்வளவு?" என்றேன்.

"தொலைக்கறது குத்தம் மாப்ளே," என்றார். "தொலைக்காததைத் தொலைச்சேன்னு சொல்றது அதைவிடப் பெரிய குத்தம்."

இந்த வாக்கியத்தை அன்றைக்கே நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். எனக்குத்தான் காது நன்றாக இருக்கிறதே, வாங்கவில்லை.

கடை திறந்தது பதினோரு வருடத்துக்கு முன்னால். அரசு அலுவலக வளாகத்துக்கு நேர் எதிரே, பத்துக்கு எட்டு அடி இடம். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், ஒரு ஸ்டூல். காலை எட்டரைக்கு ஷட்டரைத் தூக்கினேன். மதியம் ஒன்றரை வரை ஒரு ஈ காக்கா வரவில்லை. முதல் போணி எப்படி ஆகிறதோ அப்படித்தான் வியாபாரம் போகும் என்று நம்புகிற ஆள் நான். ஊதுவத்தி எரிந்து, சாம்பல் விழுந்து, புகையும் அடங்கிவிட்டது. எனக்கு அழுகை வராத குறை.

இரண்டு மணிக்கு மாமா வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு நீல உறை. உறைக்குள் அவருடைய டிஸ்சார்ஜ் சான்றிதழ். தடித்த தாள், முன்பக்கம் படை எண், பிரிவு, சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, மனைவி பெயர். பின்பக்கம் நிறையக் கட்டங்கள், அடியில் எறும்பு எழுத்தில் ஏதோ விதிமுறைகள், அதற்குக் கீழே அவர் கையெழுத்து. நான் எதையும் படிக்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரன் வருகிற தாளையெல்லாம் படிக்க ஆரம்பித்தால் கடை நடக்காது.

"லேமினேஷன் போடு," என்றார்.

"இதுக்கா மாமா?"

"பெட்டியில பூச்சி வருது. பத்திரமா இருக்கணும்."

மெஷின் சூடாக இருந்தது, காலையிலிருந்து சும்மாதானே சூடாகிக்கொண்டிருந்தது. தாள் உள்ளே போய், பளபளவென்று வெளியே வந்தது. நான் நாலு ஓரமும் வெட்டி, மூலையை வளைவாக நறுக்கி, துணியால் துடைத்துக் கொடுத்தேன். காசை எண்ணி மேஜையில் வைத்தார். "ஐயோ, உங்ககிட்டப் போய் காசா?" என்றேன். "போணியை யாராவது ஓசியில பண்ணுவாங்களா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். மாமா கை ராசியான கை என்று பதினோரு வருடமாக எல்லாரிடமும் சொல்லிவந்தேன். கடையும் நடந்தது. இந்த ஊரில் ஒரு மனிதன் பிறந்ததற்கு அவன் எதிரே நிற்பது சாட்சியாகாது, என் கடையில் எடுத்த பிரதிதான் சாட்சி. அரசாங்கம் இருக்கிறவரை எனக்குச் சோறு உண்டு என்று நினைத்தேன். அந்தத் திமிர்தான் பின்னால் வேலையைக் காட்டியது.

இந்த வருடத் தொடக்கத்தில் அக்கா எதிரே வந்த சைக்கிளில் இடித்துக்கொண்டாள். அப்புறம் கதவு நிலையில். கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது என்றார்.

"இடது கண் ரொம்ப மோசம். வலதுல இப்பதான் ஆரம்பம். ரெண்டு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிட்டா ரெண்டையும் காப்பாத்திரலாம்," என்றார். "போன பார்வை திரும்ப வராதும்மா. இருக்கறதை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான்."

வெளியே செய்துகொள்ள ஆகும் தொகையைச் சொன்னார். என் கடையையும் மெஷினையும் விற்று, கூடவே என்னையும் விற்றாலும் பாதிகூடத் தேறாது. ஆனால் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரியில் மனைவிக்கும் இலவசம். குடும்ப அட்டை ஒன்று காட்டினால் போதும். மாமாவிடம் பழைய மஞ்சள் அட்டை இருந்தது. அது போன வருடத்தோடு செல்லாதாம். புது அட்டை வாங்க, டிஸ்சார்ஜ் சான்றிதழின் மூலப் பிரதியைக் கொண்டுபோய்க் காட்டி, பின்பக்கக் கட்டத்தில் முத்திரை வாங்க வேண்டும்.

"அதுக்கென்ன, பத்திரமா இருக்கே," என்றேன் பெருமையாக.

அக்காவுக்குக் கண் எரிச்சல், வீட்டிலேயே இருந்துவிட்டாள். மாமாவும் நானும் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். மூன்றாம் நம்பர் கவுண்டர் குமாஸ்தா சான்றிதழைக் கையில் வாங்கி, முகத்தருகே தூக்கி, தன் பிம்பத்தை அதில் பார்த்துத் தலையை ஒதுக்கிக்கொண்டார். பிறகு பின்பக்கம் திருப்பி, முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினார். விரலால் ஒரு இழுப்பு இழுத்தார். முத்திரை அவர் விரலுக்கு வந்துவிட்டது.

"மை புடிக்காது. செல்லாது," என்றார்.

"சார், உள்ள இருக்கறது ஒரிஜினல்தானே?"

"உள்ள இருக்கறது ஒரிஜினல். வெளிய இருக்கறது பிளாஸ்டிக். நான் முத்திரையை எதுல குத்தறது?" என்றார். பிறகு அடியில் இருந்த எறும்பு எழுத்தைப் பேனாவால் தட்டினார். "இங்க பாருங்க. ஏழாவது விதி. இந்தத் தாளின் மீது எதையும் ஒட்டவோ, இதை உறையிட்டு மூடவோ கூடாது. படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன்னு கீழ கையெழுத்துப் போட்டிருக்காரே."

மாமா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா, இதைப் படிச்சீங்களா?" என்று வலது காதில் கத்தினேன். "கேக்கலை," என்றார்.

"பட்டாளத்துல நீட்டின இடத்துல கையெழுத்துப் போடுவாங்க சார், யார் படிச்சா?" என்று நானே வக்காலத்து வாங்கினேன். உள்ளுக்குள் எனக்குக் கோபம்தான். மனுஷன் மளிகைச் சீட்டை நாலு தடவை படிப்பார், இதைப் படிக்கவில்லையே என்று.

வெளியே வந்ததும் மாமா கேட்டார்: "இப்ப என்ன மாப்ளே செய்யறது?"

"விடுங்க மாமா. பதினோரு வருஷமா ஆபீஸுக்கு எதிர்ல கடை வச்சிருக்கேன். எனக்குத் தெரியாத வழியா?" என்றேன்.

முதல் வழி, உரிப்பது. அவருடைய சான்றிதழில் நேராகக் கை வைக்கப் பயந்து, என்னுடைய டைப்ரைட்டிங் சான்றிதழில் சோதனை செய்தேன். அதையும் ஆசைப்பட்டு லேமினேஷன் போட்டு வைத்திருந்தேன். இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி, மூலையைக் கிளப்பி, மெல்ல இழுத்தேன். தாளின் மேல் தோல் மேல் பிளாஸ்டிக்கோடும் அடித் தோல் அடி பிளாஸ்டிக்கோடும் தனித்தனியாகப் போயின. நான் டைப்ரைட்டிங் பாஸ் செய்தது அன்றோடு வெறும் வதந்தியாகிவிட்டது.

இரண்டாவது வழிக்கு, என் கடைக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவரிடம் போனேன். ஆள் கொம்பன். அவர் எழுதாத மனு கிடையாது.

"தொலைஞ்சு போச்சுன்னு போடு," என்றார். "போலீஸ்ல ஒரு சர்டிபிகேட் வாங்கு, பேப்பர்ல ஒரு விளம்பரம் குடு, டூப்ளிகேட் தன்னால வரும்."

"கெட்டுப் போச்சுன்னு உண்மையைச் சொன்னா?"

"யார் கெடுத்தாங்கன்னு கேப்பாங்க."

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. தொலைந்துபோனது என்பதே நல்லது என்று முடிவு செய்தேன். மாமாவிடம், "போலீஸ்ல ஒரு ஃபார்மாலிட்டி" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போனேன்.

ஸ்டேஷன் எழுத்தர் நோட்டைப் பிரித்து, "என்ன தொலைஞ்சது?" என்று உரக்கக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் சார்" என்றேன். என் வாய் அசைவைப் பார்த்த மாமா, சான்றிதழைக் காட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பையிலிருந்து அதை எடுத்து மேஜையில் வைத்தார். பளபளவென்று கிடந்தது. ஸ்டேஷனில் இருந்த அத்தனை பேரும் வந்து பார்த்தார்கள். கண்டுபிடித்துக் கொடுத்ததற்குத் தங்களைப் பாராட்டிக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து இரண்டாவது தடவை போனோம். இந்தத் தடவை சான்றிதழை அக்காவிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லிவிட்டேன். மாமாவிடமும் விவரம் சொல்லி, "கண்ணு மாமா, அக்கா கண்ணு. ஒரே ஒரு பொய்" என்று கெஞ்சியிருந்தேன். தலையை ஆட்டினார். எழுத்தர் மெனக்கெட்டு எழுந்து வந்து, அவர் காதருகே குனிந்து, "எங்க தொலைச்சீங்க ஐயா?" என்றார்.

மாமா விறைப்பாக நின்றார். வியர்த்தது. வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில், "வீட்டில். கறுப்புத் தகரப் பெட்டியில். இரண்டாவது அடுக்கில். நீல உறைக்குள்," என்றார்.

"அப்ப தொலையலை?"

"இல்லை சார்."

வெளியே வந்து நான் கத்திய கத்தலில் ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியதில் பாதிக்கு மேல் அவருக்குக் கேட்டிருக்காது. முகத்தைப் பார்த்தே எல்லாம் புரிந்திருக்கும். "என்னால முடியலை மாப்ளே. வாய் வரலை," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் அதையும் கவனிக்காத மாதிரி நடந்தேன், பாவி.

போலீஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தெரியாமல் பத்திரிகையில் 'காணவில்லை' விளம்பரம் கொடுத்தேன். மாமா பத்திரிகையை முதல் வரியிலிருந்து அச்சகத்தின் பெயர் வரை படிக்கிறவர். மறுநாளே ஆசிரியருக்குக் கடிதம் போட்டுவிட்டார்: 'தங்கள் நாளிதழில் எனது சான்றிதழைக் காணவில்லை என்று வந்திருப்பது தவறு. அது உள்ளது. திருத்தம் வெளியிடவும்.' மூன்று பிரதி. அவர்களும் சிரத்தையாகத் திருத்தம் வெளியிட்டார்கள். மனு எழுதுகிறவர் அதைக் கத்தரித்து என்னிடம் கொடுத்து, "உங்க மாமாவுக்கு நான் மனு எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கூத்தில் ஏழு வாரம் போய்விட்டது. டாக்டர் சொன்ன இரண்டு மாதத்தில் மிச்சம் ஒரு வாரம்.

அன்று அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, அரசாங்கத்தை, போலீஸை, பத்திரிகையை, மாமாவின் நேர்மையை என்று வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அக்கா எனக்குக் காபி கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். வைத்தது மேஜையில் இல்லை, மேஜையின் இடது ஓரத்துக்கு ஒரு சாண் வெளியே, காற்றில். டம்ளர் விழுந்து உருண்டது. அக்கா துணி எடுத்துவந்து குனிந்து துடைத்தாள், காபி இல்லாத இடத்தையும் சேர்த்து.

துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏண்டா, ஒரு கரண்டி தொலைஞ்சதுக்கு மூணு பேப்பர் எழுதி வச்ச பட்டாளம். பதினேழு வருஷம் வேலை பாத்த ஆளைப் பத்தி ஒரு பேப்பராவது அவங்ககிட்ட வச்சிருக்க மாட்டாங்களா?"

பிறகு எழுந்து, அதையே மாமாவின் வலது காதில் சொன்னாள்.

"இருக்குமே," என்றார் மாமா. "ரெக்கார்டு ஆபீஸ்ல எல்லாம் இருக்கும். சேர்ந்த நாள்லேர்ந்து அத்தனையும் இருக்கும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அங்க எழுதிக் கேட்டா தருவாங்களா?"

"தருவாங்க. நம்பர் போட்டு, பிரிவு போட்டு, சேர்ந்த தேதி விட்ட தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பினா தருவாங்க. அவங்க வேலையே அதுதானே."

"அடப்பாவி மனுஷா! இதை ஏன் மாமா இத்தனை நாள் சொல்லலை?"

"எல்லா வழியும் எனக்குத் தெரியும்னு நீ சொன்னியே மாப்ளே," என்றார். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருந்தார்.

இருபது நிமிடத்தில் கடிதம் எழுதினார், கார்பன் வைத்து மூன்று. முகவரி அவருக்கு மனப்பாடம். ரயிலில் ஒரு நாள் தூரத்து ஊர். பன்னிரண்டு நாளில் பதில் வந்தது, கூட ஒரு படிவமும். படிவத்தில் காரணக் கட்டங்கள் நாலு: தொலைந்தது, திருட்டு, தீ, சேதம். 'சேதம்' என்று ஒரு கட்டம் தன்பாட்டுக்கு அங்கே இருந்தது. சேதமான மூலப் பிரதியை இணைக்க வேண்டும், சேதமான விதத்தைக் கீழே விவரிக்க வேண்டும், அதற்கு முன் பிரதிகள் எடுத்து நல அலுவலகத்தில் சான்றொப்பம் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரதிகளோடு மறுபடி மூன்றாம் நம்பர் கவுண்டருக்கு ஓடினோம். குமாஸ்தா படிவத்தைப் பார்த்தார். மேஜை டிராயரை இழுத்தார். உள்ளே அதே படிவம் ஒரு கட்டு.

"இதுக்கா அங்கேர்ந்து தபால்ல வரவழைச்சீங்க? இங்கேயே இருக்கே."

"சார்! அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"அன்னிக்கு நீங்க செல்லுமான்னு கேட்டீங்க. செல்லாதுன்னேன். என்ன செய்யணும்னு நீங்க கேக்கலியே," என்றார். சான்றொப்பம் போடும் கை மட்டும் நிற்கவில்லை. அவரை அடிக்க முடியாது, நடுவில் கண்ணாடி இருந்தது.

பதிவுத் தபாலில் அனுப்பப் போனபோது, சேதத்தை விவரிக்கும் கட்டத்தை மாமா தபாலாபீஸ் சாய்வு மேஜையில் நின்று எழுதினார். இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். நான் எட்டிப் பார்த்ததும் உறையில் போட்டு ஒட்டிவிட்டார்.

"பிரதி எடுக்க வேணாமா மாமா?"

"இதுக்கு வேணாம்," என்றார். மளிகைச் சீட்டுக்கு மூன்று பிரதி எடுக்கிற மனுஷன். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, கேட்கவில்லை. என்னைத்தான் மாட்டிவிட்டு எழுதியிருப்பார், அதான் மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வழியெல்லாம், "நீங்க கேட்டுத்தானே மாமா போட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கேட்கவில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

அதற்கப்புறம் ஐந்து வாரம். தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு அவர் வாசலில் நிற்பார், இஸ்திரி போட்ட சட்டையோடு. உள்ளே அக்காவின் இடது கண் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டுவந்தது. அவள் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. இடது பக்கம் வருகிறவர்களை மட்டும், "யாரு?" என்று கேட்க ஆரம்பித்தாள். இவளுக்குப் பார்வை போய்விட்டால் பேசுகிறவர் யார் என்று இவளுக்குத் தெரியாது, பேசுவது என்ன என்று அவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் எப்படித்தான் ஒரு தெருவைக் கடப்பார்கள் என்று யோசித்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறாவது வாரத் தொடக்கத்தில் தடித்த உறை ஒன்று வந்தது. புதுச் சான்றிதழை மட்டும் உருவிக்கொண்டு ஓடினோம். மூன்றாம் கவுண்டர் முத்திரை குத்தினார், மை பிடித்தது. அன்றைக்கே அட்டை, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி, அந்த வாரமே ஆபரேஷன்.

வலது கண் பிழைத்தது. இடது கண்ணில் வெறும் நிழல்தான். "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா..." என்று அங்கிருந்த டாக்டர் ஆரம்பித்தார். அக்கா, "வந்திருக்கலாம் டாக்டர்" என்று முடித்துவிட்டாள். மாமாவின் காதில் அவள் சொன்னது, "நல்லா இருக்குன்னு சொல்றாரு."

கட்டுப் பிரித்துப் பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா அந்தத் தடித்த உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணுக்குப் பயிற்சியாக எதையாவது படிக்கச் சொல்லியிருந்தார்கள். உள்ளே மாமாவின் பதினேழு வருடம் மொத்தமும் பிரதியாக இருந்தது. எங்கெங்கே போட்டார்கள், எப்போது காது போனது, கரண்டி உட்பட. எல்லாவற்றுக்கும் அடியில், அவர் அனுப்பிய படிவத்தின் பிரதியையும் சேர்த்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். பட்டாளம் பட்டாளம்தான், அங்கேயும் மூன்று எடுத்திருப்பார்கள்.

மாமா ஜன்னலருகே சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். அக்கா தாளை வலது பக்கமாக நகர்த்திப் பிடித்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தாள்:

"இந்தத் தாளை உறையிடக் கூடாது என்ற ஏழாவது விதி எனக்குத் தெரியும். படித்த பின்பே கையொப்பமிட்டேன். என் மைத்துனர் கடை திறந்த நாளில் பிற்பகல் வரை ஒருவரும் வரவில்லை. அவர் மனம் உடைந்துவிடுவார் என்று என் மனைவி வருந்தினாள். முதல் போணி செய்ய என்னிடம் வேறு மதிப்புள்ள தாள் இல்லை. மைத்துனருக்கு விதி தெரியாது. தவறு முழுவதும் என்னுடையது."

அக்கா தாளை மடித்து மடியில் வைத்தாள்.

"நான் ஏதாச்சும் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்கன்னுதாண்டா அன்னிக்கு அனுப்பினேன்," என்றாள் அப்புறம்.

ஐம்பது பேரிடம் சொன்னேனே, அவரே கேட்டார், அவரே கேட்டார் என்று. எழுந்து போய், அவருடைய வலது காதருகே குனிந்தேன். "தெரிஞ்சேவா மாமா குடுத்தீங்க?" என்று கேட்டேன். கத்தக்கூட இல்லை.

"கேக்கலை மாப்ளே," என்றார். ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாக இருந்தார்.

மறுநாள் காலை எட்டரைக்குக் கடை திறந்தேன். லேமினேஷன் மெஷினின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றி, மேல் தட்டில் ஏற்றினேன். 'இங்கே இனி லேமினேஷன் இல்லை' என்று எழுதி ஒட்டினேன். ஒட்டி முடித்துத் திரும்பினால், எதிர்ச் சாரியிலிருந்து இரண்டு பேரும் வருகிறார்கள். மாமா அக்காவின் இடது பக்கமாக நடந்துவந்தார். முப்பது வருடமாக வலது காதை அவள் பக்கம் வைத்து, அவளுக்கு இடது பக்கமாகத்தான் நடக்கிறார். இப்போது அந்தப் பக்கம் யார் வருகிறார் என்று அவளுக்குத் தெரியாது.

கையில் நீல உறை. புதுச் சான்றிதழ், லேமினேஷன் இல்லாமல்.

"மூணு ஜெராக்ஸ்," என்றார் மாமா. "ஒண்ணு பெட்டிக்கு. ஒண்ணு உங்க அக்கா கையில இருக்கட்டும். ஒண்ணு நீ வச்சுக்கோ." மேஜைமேல் வைக்கச் சில்லறை எடுக்கப் பையில் கை விட்டவர், சட்டென்று நிறுத்தினார். "போணி ஆயிருச்சா?"

"இன்னும் இல்ல மாமா," என்றேன்.

"அப்ப சரி," என்று காசை எண்ணி வைத்தார்.